நாப்போலியில கோதும படாத கிறிஸ்மஸ்

ரொட்டி தின்னே வளந்தவளுக்கு ரொட்டி ஆகாதுன்னு கண்டியில டாக்டரய்யா சொன்னப்ப நான் சிரிச்சுட்டேன். எம் பொண்டாட்டி பிலோமினா என்னய ஒரு மொற மொறச்சா பாருங்க, டாக்டரய்யாவே பேனாவ கீழ வச்சுட்டாரு. ஆனா நீங்களே சொல்லுங்க. காலைல வேலைக்குப் பேர் பதியற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரொட்டி, கொழுந்து பறிக்க மலைக்குக் கட்டிக்கிட்டுப் போறது ரொட்டி, மாசக் கடைசின்னா அந்திக்கும் ரொட்டி. அறுபத்தோரு வயசு வரைக்கும் அப்படி இருந்த மனுசிக்கு "கோதும மா ஒரு துளி கூட ஒடம்புல சேரக்கூடாது"ன்னு சொன்னா, மீனப் புடிச்சு ஒனக்குத் தண்ணி ஆகாதுன்னு சொல்ற மாதிரிதானே?

ஆனா அவரு சொன்னது உண்ம. வயித்து வலியும் வயித்தாலயுமா எட எறங்கி முப்பத்தேழு கிலோவுக்கு வந்துட்டா. கோதுமய நிப்பாட்டி மூணு மாசத்துல கன்னம் உப்பிருச்சு, சண்ட போடத் தெம்பு வந்துருச்சு. அதுல நட்டம் எனக்குத்தான்.

நாங்க ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலத் தோட்டம். நான் நாப்பது வருஷம் கொழுந்து லொறி ஓட்டுனவன். அஞ்சாங் கிளாசோட பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டுட்டேன். அதனால எழுத்துப் பெழ இருந்தா நீங்களே திருத்திக்கங்க. ஆனா தூரம், நேரம், டிக்கட் காசு, இதுல மட்டும் பெழ இருக்காது. லொறிக்காரன் புத்தி, எங்க போனாலும் நோட்டுல குறிச்சுக்குவேன்.

எங்க மக ரெஜினா இத்தாலியில நாப்போலிங்கற ஊர்ல ஆறு வருஷமா இருக்கா. நேப்பிள்ஸ்னு படிச்சவங்க சொல்வாங்க. அங்க ஒரு வயசான இத்தாலிக்காரம்மாவப் பாத்துக்கிற வேல. அவதான் போன் போட்டு, "அப்பா, இந்தக் கிறிஸ்மஸுக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. கோதும இல்லாத சாப்பாடு இங்க தெருவுக்குத் தெரு கெடைக்கும்"னா. எனக்கு நம்பிக்க இல்ல. பீட்சாவும் மக்கரோனியும் பொறந்த நாட்டுல கோதும இல்லாத சாப்பாடா? பூன வீட்டுல எலிக்குப் பாய் விரிச்சிருக்குன்னு சொல்ற கதையால்ல இருக்கு?

அதுக்கு அப்புறம் அவ சொன்ன ஒரு விசயத்துலதான் பிலோமினா எழும்பி ஒக்காந்தா. அத வெளங்க வைக்கணும்னா கொஞ்சம் குடும்பக் கத சொல்லணும், பொறுத்துக்கங்க. நான் முருகன் வீட்டு ஆளு, அவ மாதா வீட்டு ஆளு. கட்டி நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கெழம பூசைக்கு நானும் போவேன், நாலாவது பெஞ்சுல ஒக்காருவேன். எல்லாரும் நன்ம வாங்க வரிசையா போறப்ப நான் மட்டும் தனியா பெஞ்சக் காத்துக்கிட்டு இருப்பேன். நன்மன்னா, பூசையில ஃபாதர் நாக்குல வைக்கிற அப்பம். வட்டமா, வெள்ளையா, காகிதம் மாதிரி இருக்கும். அதுவும் கோதும.

டாக்டரய்யா துளி கூடாதுன்ன நாள்லேருந்து, ரெண்டு வருஷமா பிலோமினா அந்த வரிசையில எந்திரிக்கல. என் பக்கத்துலயே குனிஞ்ச தல நிமிராம ஒக்காந்திருப்பா. வரிசையா வீடு ஒட்டி இருக்கிற லயத்துல வாய் சும்மா இருக்குமா? நன்ம வாங்காம ஒருத்தி ஒக்காந்திருந்தா, என்னமோ பெரிய பாவம் பண்ணிட்டு ஃபாதர்கிட்ட சொல்லாம மறைக்கிறான்னுதான் பேச்சு. பக்கத்து வீட்டுக் காம்பரா ஞானம்மா ஒரு நா நேராவே கேட்டுட்டா. "என்ன பிலோமினாக்கா, ரொம்ப நாளா எந்திரிக்கவே மாட்டேங்கிறீங்க?"

"அவ பண்ணின பாவம் இந்தா நிக்கிறேன்ல. நாப்பத்திரண்டு வருஷமா மன்னிப்பு கெடைக்கல"ன்னு நான் சொன்னேன். ஞானம்மா சிரிச்சா. பிலோமினா சிரிக்கல.

வீட்டுக்கு வந்து, "ஃபாதர்கிட்ட சொல்லேன் புள்ள"ன்னேன்.

"என்னான்னு சொல்றது? ஆண்டவரு எனக்கு வயித்தால போகுதுன்னு சொல்லவா?"ன்னுட்டு அழுதா.

ரெஜினா சொன்ன விசயம் இதுதான். கோதும ஆகாதவங்களுக்குன்னு இத்தாலியில தனியா ஒரு நன்ம அப்பம் இருக்காம். அதுல கோதும இருக்கும், ஆனா ஒடம்புக்குக் கெடுதல் பண்ற சாமான எடுத்துட்டு, பேருக்கு இம்மி மட்டும் வைக்கிறாங்களாம். கண்டி டாக்டரய்யாவுக்கு அந்த அப்பம் வர்ற பொட்டியோட படத்த வாட்ஸப்புல அனுப்புனோம், "அந்த அளவு பரவால்ல, குடுக்கலாம்"னு பதில் வந்துச்சு. பஸ்ஸுல ஜன்னல் ஓரம் ஒக்காரவே பயப்படுறவ, அன்னைக்கே பாஸ்போட்டுக்குப் படம் புடிக்க வெள்ளச் சேல கட்டிட்டா.

இனி கணக்குக்கு வருவோம். விசாவுக்கு ரெண்டு மாசம் முந்தியே குடுத்துருங்க, மக கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடுதாசி இருந்தா லேசு. பிளேன் டிக்கட் போகவர ஆளுக்கு ரெண்டு லட்சத்து எண்பதாயிரம். டிக்கட் போடுறப்பவே கோதும இல்லாத சாப்பாடுன்னு பதிஞ்சுரணும், பிளேன்ல ஏறிட்டுக் கேட்டா கெடைக்காது. டிசம்பர் பதினெட்டு மத்தியானம் ஹட்டன்லேருந்து வேன். கட்டுநாயக்காவுக்கு 141 கிலோமீட்டர், அஞ்சு மணி பத்து நிமிஷம். கினிகத்தேன வளைவுல, பொல்பிட்டிய பக்கம் எறங்குறப்ப வேன்காரத் தம்பி பிரேக்க மிதிச்ச மிதி எனக்குப் பிடிக்கல. "கியர்ல எறக்குங்க தம்பி"ன்னேன். "ஐயா, இது லொறியா வேனா?"ன்னான். நல்ல புள்ள, ஆனா பிரேக் லைனர் பாவம்.

பொட்டி கட்டுனது பிலோமினா. குரக்கன் மா, கேப்பதான், ரெண்டு கிலோ, செவப்பரிசி மா ரெண்டு கிலோ, கொத்தமல்லி, மொளகு. ஒவ்வொண்ணையும் மோந்து பாத்து, ரெஜினாவுக்குப் படம் அனுப்பிக் கேட்டுத்தான் உள்ள வச்சா. "நான் பாக்காத எதுவும் பொட்டிக்குள்ள போகக் கூடாது"ன்னு எனக்கு உத்தரவு. நான் மட்டும் பஜார்ல ஒரு டப்பா பெருங்காயம் வாங்கி, ஸ்வெட்டருக்குள்ள சுத்தி வச்சேன். பெருங்காயம் இல்லாத ரசம் ஒரு ரசமா? இந்த டப்பாவ ஞாபகம் வச்சுக்கங்க.

பிளேன்ல சாப்பாடு முதல்ல அவளுக்கு வந்துச்சு. சோறும் கோழியும், மேல பேரு ஒட்டி. எனக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் கழிச்சு. "பாத்தீங்களா, நான்தான் தொர, நீங்க கூலி"ன்னா. கன்னம் உப்புனதும் வாயும் சேந்து வளந்திருச்சு.

மாறி மாறி ஏறி, பத்தொம்பதாந் தேதி மத்தியானம் ஒண்ணேகாலுக்கு ரோமாபுரியில எறங்குனோம். ஏர்போட்லேருந்து டவுனுக்கு ரயில் 32 நிமிஷம், ஆளுக்கு 14 ஈரோ. அங்கேருந்து நாப்போலிக்கு வேக ரயில், ஒரு மணி பன்னெண்டு நிமிஷம், மக முந்தியே பதிஞ்சதால 25 ஈரோ. ரயில் பொட்டிக்குள்ள வேகம் காட்டுற போர்டு ஒண்ணு இருக்கு, 298 வரைக்கும் போச்சு. கொழுந்து லொறியில நான் மணிக்கு இருபத்தஞ்சுல போனாலே மேல்பார்வ பாக்குற கண்டாக்கையா கத்துவாரு.

நாப்போலியப் பாத்ததும் எனக்குப் பிடிச்சுருச்சு. மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கான். ஜன்னலுக்கு ஜன்னல் சத்தம் போட்டுப் பேசுறான். லயத்தத் தூக்கி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குன மாதிரி ஊரு. தூரத்துல நெருப்பு மல, நம்ம சிவனொளிபாத மலையோட மச்சான் மாதிரி மேகத்துக்குள்ள தல நீட்டிக்கிட்டு நிக்குது. குளிரு பகல்ல பன்னெண்டு டிகிரி. நம்ம நுவரெலியா சனங்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரே இல்ல. ரெஜினா வீடு நாலாம் மாடி, லிஃப்ட் இல்ல, 92 படி. முழங்கால் வலி உள்ளவங்க வீடு எடுக்குறப்ப இதக் கேட்டுக்கங்க.

ஒரு மாடி கீழ ஸ்டெல்லான்னு ஒரு சிங்களப் புள்ள, வென்னப்புவ ஆளு, பதினெட்டு வருஷமா அங்க சின்னக் கட போட்டிருக்கு. என்னயப் பாத்ததும் "மாமே"ன்னு வந்து பொட்டியத் தூக்கிக்கிச்சு. நானும் "நங்கி, நங்கி"ன்னு, தங்கச்சி மொறையா ஒட்டிக்கிட்டேன். இத்தாலிக்காரன் ஊர்ல எனக்குச் சோறு போட்ட பாஷ சிங்களம்தான், பொய் இல்ல.

இருவதாந் தேதி ரெஜினா கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. கோதுமக் கதிரு மேல குறுக்கக் கோடு போட்ட படம் எந்தச் சாமான்ல இருக்கோ, அத எடுக்கலாம். இத்தாலி படிக்கத் தெரியாத எனக்கே வெளங்குது. பாண், அதான் பேக்கரி ரொட்டி, பிஸ்கட்டு, மக்கரோனி, கிறிஸ்மஸ் கேக்கு, எல்லாத்துலயும் கோதும இல்லாத சாதி ஒண்ணு தனித் தட்டுல இருக்கு. மருந்துக் கடையிலயும் விக்கிறான். மருந்துக் கடையில பாண் விக்கிற நாட்ட நான் இப்பத்தான் பாக்குறேன். வாய்ல பாடம் பண்ண வேண்டியது ரெண்டே சொல்லு: "சென்ஸா குளூட்டினே". கோதும இல்லாமன்னு அர்த்தம். பிலோமினா ராவுல செபமால உருட்டுற மாதிரி அத உருட்டிக்கிட்டே இருந்தா.

அன்னைக்கு மத்தியானம் பீட்சாக் கட. "சாப்பிடுறவங்களுக்கு ஒடம்பு வருத்தமா, இல்ல ஆசைக்குக் கேக்குறீங்களா?"ன்னு பரிமாறுற ஆளு மொதல்ல கேட்டான். வருத்தம்னு ரெஜினா சொன்னதும் மூஞ்சி மாறிருச்சு. மேசய மறுபடி தொடச்சு, வேற விரிப்புப் போட்டு, வேற கத்தி வச்சான். தனி அடுப்புல சுட்டு, மேல சின்னக் கொடி குத்தி, அவளுக்குத்தான் மொதல்ல கொண்டாந்தான். நான் என் பீட்சா தின்ன கையோட அவ தட்டுல ஒரு துண்டுக்குக் கை நீட்டுனேன். அந்தக் கோடியிலேருந்து "நோ, நோ, நோ!"ன்னு ஒரு கத்து. கட முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. என் கையில கோதும மா இருக்காம், அவ தட்டுல படக்கூடாதாம். பொலிஸ்காரன் லொறிய மறிச்சு லைசன் கேட்டப்ப கூட நான் அப்படிக் கையத் தூக்குனதில்ல.

பிலோமினாவுக்குச் சந்தோசம் தாங்கல. "பாத்துக்கங்க, என்னயப் பாத்துக்க ஆள் இருக்கு"ன்னா. கடையில ஒக்காந்து பயமில்லாம அவ தின்னு ரெண்டு வருஷமாச்சு. ஓரம் வரைக்கும் தின்னுட்டு, வெரல நக்கிட்டு, இன்னொண்ணு சொல்லவான்னு கேட்டா. அவ பீட்சா ஒம்பதரை ஈரோ, என்னோடது ஏழு. அந்த ரெண்டரைக்கு அந்தப் பய போட்ட சத்தமே தகும்.

தேத்தண்ணி மட்டும் கேக்காதீங்க. வெதுவெதுன்னு ஒரு கோப்பத் தண்ணி, பக்கத்துல நூல் கட்டுன பை, ஒரு துண்டு எலுமிச்ச. நாப்பது வருஷம் கொழுந்து ஏத்துனவன் முன்னாடி வச்ச வெகுமதி அது. "யாருக்கு ஒடம்பு சரியில்ல, குளிப்பாட்டவா?"ன்னு ரெஜினாகிட்டக் கேட்டேன். காப்பி குடிங்க. அதுலயும் ஒண்ணு கவனம், பார்லியில போடுற காப்பி ஒண்ணு அங்க உண்டு. கோதும ஆகாதவங்களுக்கு அதுவும் ஆகாது. அந்தக் காப்பி போடுற குழாய்லயே நல்ல காப்பியும் போடுறாங்களான்னு கேட்டுக்கங்க.

இருவத்தொண்ணு காலைல குடில் பொம்ம விக்கிற தெரு, சான் கிரெகோரியோ அர்மேனோன்னு பேரு. எட்டரைக்கே போயிருங்க, பத்துக்கு மேல கொழுந்து நிறுக்கிற மடுவத்துல அந்தி நேரம் மாதிரி நெரிசல். அம்மாடி, எத்தன பொம்ம! மாதாவும் சூசையப்பரும் ஒரு பக்கம் இருக்கட்டும், மீன்காரன், எறச்சிக்காரன், கறிவேப்பில விக்கிறவன் மாதிரி ஒருத்தன், தண்ணி ஓடுற ஆறு, சுத்துற மில்லு. ஒரு ஊரே இருக்கு. நான் நாலு ஈரோ குடுத்து பாண்காரன் பொம்ம ஒண்ணு வாங்கி பிலோமினா கையில வச்சேன். "இந்தா, ஒன் எதிரி."

"இவன் பரவால்ல. தூர நின்னு விக்கிறான். கூடவே படுத்துக்கிட்டு இருக்கவன்தான் மோசம்"னா. ரெண்டு நாள்ல அந்த வார்த்த பலிக்கும்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இருவத்திரண்டு கடக்கர. அரிசி மாவுல பொரிச்ச மீன், சுட்ட கஸ்தான்யாக் கொட்ட. இது நம்ம பலாக்கொட்ட சுட்ட ருசி, காகிதச் சுருள்ல அஞ்சு ஈரோ. நாலு நாள் ஒரு வயித்துக் கோளாறு இல்ல. ஊரு பேரு தெரியாத இத்தாலிக்காரனெல்லாம் தட்ட மாத்தி, கத்திய மாத்தி அவளக் காப்பாத்துனான்.

இருவத்தி மூணு மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. சோறு, பருப்பு, ரசம். ரெஜினா அடுப்புல ரசத்தக் கொதிக்க வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்புனா. நான் சத்தமில்லாம டப்பாவத் தொறந்து ரெண்டு சிட்டிக போட்டேன். வாசன வீட்டத் தூக்கிருச்சு. பிலோமினா மூணு கோப்ப குடிச்சா. "இப்பத்தான் நாக்கு ஊருக்கு வந்துச்சு. என்னங்க போட்டீங்க?"ன்னு கேட்டா. "பாசம்"னேன்.

மூணு மணிக்கு வயித்தப் புடிச்சுக்கிட்டு சுருண்டுட்டா. ஒரு மணி நேரத்துல ஆறு தரம் உள்ள போயிட்டு வந்தா. மூஞ்சி பழைய முப்பத்தேழு கிலோ மூஞ்சியா வெளுத்துருச்சு. "காலைல தின்ன பிஸ்கட்டுதான்! அந்தக் கடக்காரன நான் விடமாட்டேன், கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லு!"ன்னு நான்தான் மொத ஆளாக் கத்துனேன்.

இஞ்சித் தண்ணியோட மேல வந்த ஸ்டெல்லா, என்னென்ன தின்னாங்கன்னு வரிசையா கேட்டுச்சு. ரசம்னு சொன்னதும், என்ன சாமான் போட்டீங்கன்னு அடுப்படியில போய்த் தேடி, மொளகுப் போத்தலுக்குப் பின்னாடி நான் ஒளிச்சு வச்ச டப்பாவ எடுத்துச்சு. கண்ணாடியப் போட்டு அடியில பொடி எழுத்தப் படிச்சுச்சு.

"மாமே, மேகே பாண் பிட்டி தியெனவனே!"

இதுல கோதும மா இருக்குதேன்னு அர்த்தம். பெருங்காயம்னா மரத்துப் பிசினுன்னுதான் நான் நெனச்சேன். அத அப்படியே விக்க முடியாதாம், தூளாக்க கோதும மா கலப்பாங்களாம். பல டப்பாவுல அப்படித்தானாம். இது நம்ம சனத்த விட்டா வேற யாருக்கு வரும்? உலகம் பூராவும் பிஸ்கட்ட சந்தேகப்படுவான், ரசத்த எவன் சந்தேகப்படுவான்?

ரெஜினா என்னயப் பாத்தா, ஸ்டெல்லா தரையப் பாத்துச்சு. பிலோமினா கண்ணத் தொறக்காமலே சொன்னா. "ஊரான் வீட்டுப் புள்ளைங்க எல்லாம் பாத்துப் பாத்துப் போட்டுச்சுங்க. கட்டுன மனுசன் கவுத்துட்டாரு." அப்புறம், "நாளன்னைக்கு என்னால அந்தப் படி எறங்க முடியாட்டி என்னா பண்றது? இதுக்குத்தானேங்க இவ்வளவு தூரம் வந்தோம்?"னா.

நான் எழும்பிப் போய் மிச்ச ரசத்தத் தொட்டியில கொட்டுனேன்.

இருவத்தி நாலு பூராவும் அவ படுக்க, கஞ்சித் தண்ணி, மறுபடி படுக்க. நன்ம அப்பத்துக்கு பூசைக்கு முந்தியே கோயில் அறையில சொல்லி வைக்கணும், அங்க போய் நின்னுக்கிட்டுக் கேட்டா இருக்காதுன்னு ஸ்டெல்லா சொல்லிச்சு. ரெஜினா இத்தாலிக்காரம்மா வீட்டுல வேலையில, ஸ்டெல்லா கடையில. "நான் போறேன்"னேன். ஸ்டெல்லா ஒரு துண்டுல இத்தாலியில எழுதிக் குடுத்துச்சு. மத்தியானம் மூணு மணிக்கு, முருகன் வீட்டு ஆளு, மாதா கோயிலுக்கு நன்ம கேட்டுப் போறான்.

தெரு முனையில 650 மீட்டர்ல கோயிலு. பக்கத்து அறையில என் வயசுல ஒரு மொட்டத் தல ஆளு, கோயில் சாமானெல்லாம் தொடச்சுக்கிட்டு இருந்தாரு. துண்ட நீட்டுனேன். படிச்சுட்டு, நீயான்னு விரலால கேட்டாரு. இல்லன்னு தலயாட்டுனேன். யாருன்னு கேட்டாரு. தோள் உயரத்துக்குக் கை வச்சேன், பின்னால கொண்ட போட்டுக் காட்டுனேன். வெளங்கல. கண்ண உருட்டி, இடுப்புல கை வச்சு, விரலாட்டி என்னயவே திட்டுற மாதிரி செஞ்சேன். "ஆஆ!"ன்னு சிரிச்சு, தன் கல்யாண மோதரத்தக் காட்டுனாரு. எந்த நாட்டுலயும் பொண்டாட்டிக்கு அடையாளம் ஒண்ணுதான்.

பேரு கேட்டாரு. "பிலோமினா"ன்னேன். மனுசன் கையிலிருந்த துணி நின்னுருச்சு. "ஃபிலோமேனா!"ன்னு நெஞ்சுல கை வச்சு, "மம்மா, மம்மா"ன்னாரு. அவரு அம்மா பேரும் அதுதானாம். ஒடனே போய்க் கையக் கழுவுனாரு. அலமாரியிலேருந்து ஒட்டுன பொட்டி ஒண்ணு எடுத்துப் பிரிச்சு, ஒரே ஒரு அப்பத்த மூடி போட்ட சின்ன வெள்ளிச் சிமிழுல வச்சு மூடி, மேல பேர எழுதி ஒட்டுனாரு. மத்த அப்பம் இருந்த தட்டுக்கிட்டயே அதக் கொண்டு போகல, தனியா அடுத்த தட்டுல வச்சாரு. கடிகாரத்தக் காட்டி நாளைக்குக் காலைல பதினொண்ணு. வலப்பக்கம் மொத பெஞ்சு. வரிசையில கடைசி ஆளா வரணும். எல்லாம் கையாலயே சொன்னாரு, நான் ஒண்ணும் மறக்கல.

வெளிய வர்றப்ப ஒரு நிமிஷம் பெஞ்சுல ஒக்காந்தேன். "முருகா, இது ஒன் வேல இல்லன்னு தெரியும். இருந்தாலும் இங்க ஆளுங்களுக்கு என் பாஷ வெளங்குமோ என்னமோ. நாளைக்குக் காலைல அவ வயித்தக் கொஞ்சம் பாத்துக்க"ன்னேன்.

கிறிஸ்மஸ் காலைல நான் எந்திரிக்கிறப்ப பிலோமினா வெள்ளச் சேல கட்டி, அதுக்கு மேல ரெஜினாவோட கறுப்புக் கோட்டு மாட்டி, கண்ணாடி முன்னாடி நிக்கிறா. "பெருங்காயம் வச்சிருக்கீங்களா?"ன்னு என் பாக்கெட்டத் தடவிப் பாத்தா. அப்பதான் எனக்கு உசிரு வந்துச்சு. பத்து மணிக்குப் படி எறங்க ஆரம்பிச்சோம். மூணாம் மாடியில ஸ்டெல்லா வாசல்ல ஒக்கார ஒரு கதிர போட்டு வச்சிருந்துச்சு, அஞ்சு நிமிஷம் ஒக்காந்தா. அப்புறம் நானும் ரெஜினாவும் ஆளுக்கொரு பக்கம். 92 படிக்கு பதினெட்டு நிமிஷம். கிறிஸ்மஸ் அன்னைக்கு கடையெல்லாம் பூட்டு, பஸ்ஸும் ரயிலும் கொற, அதனால கோயிலுக்குக் கிட்ட வீடு எடுங்க. 650 மீட்டர் நடக்க இருவது நிமிஷம் ஆச்சு.

கோயிலுக்குள்ள விளக்கும் பாட்டும் எப்படி இருந்துச்சுன்னு எழுத எனக்குப் படிப்புப் பத்தாது. மேல கூரையப் பாத்துக்கிட்டே இருந்தா கழுத்து வலிக்கும், அவ்வளவு தங்கம். நன்ம நேரம் வந்துச்சு. சனம் வரிசையா போகுது, ரெஜினாவும் போயிட்டா. வரிசை கொறஞ்சு கடைசி ஆளும் போயிட்டான். பிலோமினா எந்திரிக்கல. குனிஞ்ச தல. ரெண்டு வருஷப் பழக்கம், முழங்கால் மறந்துருச்சு.

மொட்டத் தலையரு தூணுக்குப் பக்கத்துல நின்னு என்னயக் கண்ணால கேக்குறாரு.

"ஏ புள்ள, எந்திரி"ன்னேன்.

"எல்லாரும் பாக்குறாங்க."

"இங்க ஒன்னய யாருக்குத் தெரியும்? ஞானம்மா ஹட்டன்ல இருக்கா."

"தனியா எப்படிப் போறது?"

"அந்தாளு கையக் கழுவிட்டு ஒன் பேர எழுதி வச்சிருக்காருடி. அவரு அம்மா பேரு."

எந்திரிச்சா. அவ்வளவு பெரிய கோயில்ல, நடுவுல, அவ ஒருத்தி மட்டும், கறுப்புக் கோட்டுக்குக் கீழ வெள்ளச் சேல தெரிய நடந்து போனா. ஃபாதர் சிமிழு மேல இருந்த பேரப் படிச்சு, "ஃபிலோமேனா"ன்னு மெதுவாக் கூப்பிட்டு, மூடியத் தொறந்தாரு. அவ நாக்க நீட்டுனது மட்டும் பாத்தேன். அதுக்கப்புறம் எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. கண்ணாடியத் தொடைக்கணும்.

வந்து மண்டி போட்டா. ஏழு நிமிஷம், என் கைக்கடிகாரத்துல. எழும்பி ஒக்காந்துட்டு, "என்ன, ஒரு கேலியையும் காணோம்?"னா.

"ஒண்ணுமில்ல. பெஞ்சு பெருசாத் தெரிஞ்சுச்சு"ன்னேன்.

வெளிய வர்றப்ப மொட்டத் தலையரு வந்து அவ ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னாரு, அவ தமிழ்ல என்னமோ சொன்னா, ரெண்டு பேருக்கும் வெளங்கிருச்சு. ஒட்டு பிரிக்காத அப்பப் பொட்டி ஒண்ணு குடுத்து, உங்க ஊரு ஃபாதருக்குன்னு ரெஜினாகிட்டச் சொன்னாரு. மத்தியானம் ஸ்டெல்லா வீட்டுல விருந்து. அரிசி மாவுல பொரிச்ச மீனு, தேன்ல உருட்டுன சின்னச் சின்ன உருண்டப் பலகாரம், கோதும இல்லாத கடையில வாங்குனது. பிலோமினா அளவாத்தான் தின்னா. நான் எதத் தொட்டாலும் மூணு பொம்பளைங்களும் ஒண்ணா "மாமே!", "அப்பா!", "என்னங்க!"ன்னாங்க. என்னய அடுப்படிப் பக்கமே விடல. இதுல ஒரு நன்ம உண்டு, பாத்திரம் கழுவுற வேலயும் இல்ல.

போறவங்களுக்கு நான் சொல்றது இதான். வெளியூர்க்காரன் சமையலுக்குப் பயப்படாதீங்க, நீங்க கட்டிக்கிட்டுப் போற சாமானுக்குப் பயப்படுங்க. பெருங்காயம், சோயா தண்ணி, கடையில வாங்குற கறித்தூளு, எல்லாத்தோட அடியையும் கண்ணாடி போட்டுப் படிங்க. படிக்கத் தெரியாட்டி தெரிஞ்சவங்ககிட்டக் குடுங்க, வெக்கப்படாதீங்க. இருவத்தி நாலு அந்திக்கு மேல சாப்பாட்டுக் கடைங்க பூட்டிருவாங்க, முந்தியே வாங்கி வைங்க. நன்ம வேணும்னா பூசைக்கு முந்தின நாளே கோயில் அறையில பேரு குடுங்க. ஒடம்புக்கு அந்த அப்பம் ஆகுமான்னு அவங்கவங்க டாக்டர்கிட்டக் கேட்டுக்கங்க, என் பேச்சக் கேக்காதீங்க. என் பேச்சக் கேட்டவ பட்ட பாடு தெரியும்ல.

ஜனவரி மூணாந் தேதி ஹட்டன் வந்து சேந்தோம். அந்த வாரமே பிலோமினா அப்பப் பொட்டியத் தூக்கிக்கிட்டு நம்ம ஃபாதர்கிட்டப் போனா. அவரு கேட்டுட்டு, "ஏம்மா, ரெண்டு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் எங்கயாச்சும் விசாரிச்சு எடுத்திருக்க மாட்டேனா?"ன்னாரு. கேட்டிருந்தா இத்தாலிக்கே போயிருக்க வேண்டியதில்ல. கேக்க வெக்கப்பட்டதுல ரெண்டு டிக்கட்டு, நாலு ரயிலு, 92 படி. ஆனா அந்தப் பீட்சாப் பய சத்தம் போட்டத நெனச்சா, போனதுல நட்டமில்ல.

அடுத்த ஞாயித்துக்கெழம வரிசை முடிஞ்சதும் பிலோமினா எந்திரிச்சா. ஞானம்மா முழங்கைய இடிச்சு "போறா, போறா"ன்னு பக்கத்துல சொன்னது எனக்கே கேட்டுச்சு. இவ தலயக் குனியாம நடந்து போயி, சிமிழுலேருந்து வாங்கிட்டு வந்தா. வீட்டுக் குடிலுல பாண்காரன் பொம்மய மூஞ்சி செவுத்துக்குத் திருப்பி வச்சிருக்கா. பெருங்காய டப்பா அவன் காலடியில.

ரெண்டு வருஷமா எனக்குப் பெஞ்சுல ஒரு தொண இருந்துச்சு. அது போச்சு. ஹட்டன் பக்கம் வந்தா, பூச நேரத்துல நாலாவது பெஞ்சுல ஒரு கெழவன் தனியா ஒக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்பான் பாருங்க. வந்து ஒக்காருங்க, எடமிருக்கு.